குறை சொன்னால் முன்னே போகலாம்

"ஒரு சின்ன சேஞ்ச்தான்" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் காது சூடாகிவிடும். தையல்காரர் சொன்னாலும் சரி, மண்டபத்து மேனேஜர் சொன்னாலும் சரி, அடுத்த வாக்கியம் வருவதற்குள் கோபம் வந்து நிற்கும். என் கணவர் ஒருமுறை சமையலறை அலமாரியைப் பார்த்து அப்படிச் சொல்லிவிட்டு, சாயங்காலம் வரை மொட்டை மாடியிலேயே இருந்தார். மென்பொருள் எழுதிப் பிழைக்கிற எல்லோருக்கும் இந்த வியாதி கொஞ்சம் உண்டு. எனக்கு அது முற்றிப்போகக் காரணம், மதுரை காளவாசலில் கிளினிக் வைத்திருந்த ஒரு சர்க்கரை டாக்டர். பெயர் வேண்டாம். எங்கள் வீட்டில் இன்னும் அவரிடம்தான் மாத்திரை எழுதி வாங்குகிறார்கள்.

இரண்டாயிரம் பிறந்த புதிது. நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்து முடித்திருந்தேன். பாய்லர், டேங்க், பைப் ஆகியவற்றின் சூட்டையும் அழுத்தத்தையும் அளந்து, வேண்டிய அளவில் நிறுத்தி வைக்கிற படிப்பு. (மதுரையில் பாய்லர் எங்கடி இருக்கு என்று அம்மா கேட்டாள். டீக்கடையில் இருக்கிறது என்றேன். அப்ப அங்கேயே போய் வேலைக்குச் சேரு என்றாள்.) டீக்கடைக்காரர் ஆள் எடுக்காததால், காளவாசலைத் தாண்டித் தேனி ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த மென்பொருள் கம்பெனியில் சேர்ந்தேன். கம்பெனி பெயரில் 'குளோபல்' உண்டு. ஜன்னலைத் திறந்தால் தேனி பஸ்ஸின் புகை உள்ளே வரும்.

எங்கள் முதலாளி நல்லவர். அவரிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம். எதைக் கேட்டாலும் "பண்ணிரலாம்" என்பார். அவர் பண்ண மாட்டார், நான்தான் பண்ண வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரை மன்னிக்கக் கூடாது என்று முடிவு செய்து வைத்திருக்கிறேன், இருபது வருடமாகியும் அதில் மாற்றம் இல்லை.

டாக்டர் கிளினிக்கில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. நோயாளிகள் விடியும் முன்பே வந்து, மஞ்சப்பை, தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு என்று கையில் கிடைத்ததை வாசற்படியில் வரிசையாக வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். டாக்டர் வந்து இறங்கும்போது செருப்புகள் ஒழுங்காக வரிசையில் நிற்கும், அவற்றின் சொந்தக்காரர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டிருப்பார்கள். இதைச் சரிசெய்ய ஒரு டோக்கன் மென்பொருள் வேண்டும் என்றார் டாக்டர். முதலாளி பண்ணிரலாம் என்றார். நான் எழுதினேன். வருகிறவர் பெயரைச் சொன்னால் வரவேற்பு மேசையில் இருக்கும் செல்வி அக்கா கம்ப்யூட்டரில் தட்டுவார், சீட்டு வரும், சுவரில் மாட்டிய பலகையில் சிவப்பு எழுத்தில் நம்பர் வரும். முதலில் வந்தவர் முதலில் உள்ளே. அவ்வளவுதான். ஒரு வாரம் நான் ராணி மாதிரி நடந்தேன்.

இரண்டாவது வாரம் டாக்டர் கூப்பிட்டார்.

"ஒரு சின்ன சேஞ்ச்தாம்மா. வயசானவங்கள முதல்ல விட்ருவோம். பாவம், உக்கார முடியல."

மாற்றினேன். மறுநாள் உசிலம்பட்டிக்காரர் ஒருவர் கடைசி பஸ் போய்விடும் என்று சத்தம் போட, வெளியூர்க்காரர்களை முதலில் விட வேண்டும் என்றார். மாற்றினேன். அப்புறம் குழந்தைகள். அப்புறம் ரிப்போர்ட்டை மட்டும் காட்டிவிட்டுப் போகிறவர்கள். அப்புறம் ரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு வருகிறவர்கள். ஒருநாள் வயதானவர்களுக்கு முன்னுரிமையே வேண்டாம், அவர்கள் பொழுதுபோக்கத்தான் வருகிறார்கள் என்றார். மறுநாள் டாக்டரின் மாமனார் வந்து காத்திருந்தார், வயதானவர்கள் மறுபடி மேலே ஏறினார்கள்.

ஒவ்வொரு தடவையும் நான் ஆபீஸில் நிரலைத் திருத்தி, பிளாப்பியில் ஏற்றி, வெயிலில் மொபெட்டை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். போய்ச் சேர்வதற்குள் பிளாப்பி செத்திருக்கும். திரும்பி வந்து இன்னொன்று. அதற்குள் டாக்டரிடமிருந்து இன்னொரு போன் வந்திருக்கும், முதலாளி இன்னொரு பண்ணிரலாம் சொல்லியிருப்பார். தேனி ரோட்டில் ஹெல்மெட்டுக்குள் நான் பேசிய பேச்சையெல்லாம் என்னை வளர்த்த சபை கேட்டிருந்தால் ஞானஸ்நானத்தைத் திரும்ப வாங்கியிருக்கும்.

அப்படிக் கோபத்தோடு ஒரு நாள் துப்பட்டாவை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோதுதான் யோசனை வந்தது. இஸ்திரிப் பெட்டி சூடு அதிகமானால் தானே அணைந்துகொள்கிறது, ஆறினால் தானே எரிகிறது. நான் பக்கத்தில் நின்று 'ஒரு சின்ன சேஞ்ச்' என்று அதனிடம் சொல்வதில்லை. நான் படித்த படிப்பே இதுதானே! என்ன வேண்டும் என்று ஒரு அளவு வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது என்ன இருக்கிறது என்று அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து, அதைக் குறைக்கிற பக்கம் தள்ள வேண்டும். பாய்லருக்குச் செய்வதை மென்பொருளுக்குச் செய்தால் என்ன? டாக்டர் மனம் மாறும்போதெல்லாம் நான் ஏன் ஓட வேண்டும்? மென்பொருளே பார்த்து மாறிக்கொள்ளட்டுமே.

டாக்டர் ஏன் மாற்றச் சொல்கிறார்? யாரோ குறை சொல்வதால். ஆகவே வேண்டிய அளவு, குறை பூஜ்யம். நோயாளிகளை ஆறு வகையாகப் பிரித்தேன். முதியவர், குழந்தை, வெளியூர், ரிப்போர்ட், வெறும் வயிறு, சாதா. ஒவ்வொரு வகைக்கும் கீபோர்டில் ஒரு பட்டன். யாராவது வந்து குறை சொன்னால் செல்வி அக்கா அவர் வகைக்குரிய பட்டனை அழுத்துவார், அந்த வகை வரிசையில் முன்னே நகரும். ஒரு வகையில் சத்தமே இல்லையென்றால் அவர்கள் திருப்தியாக இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு மென்பொருள் அவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னே தள்ளும். இந்தக் கடைசி விஷயத்தை எழுதி முடித்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

வீட்டில் சாப்பிடும்போது விளக்கினேன். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வாயிலிருந்து ஒரு குறை வந்து நான் கேட்டதில்லை. சாம்பாரில் உப்பு இல்லையென்றால் ஊறுகாயைத் தொட்டுக்கொள்வார். ஊறுகாயும் இல்லையென்றால் ஜெபம் பண்ணிக்கொள்வார் என்று அம்மா சொல்வாள். அம்மாவுக்கு அந்தச் சிக்கல் கிடையாது. அவள் குறை சொல்ல ஆரம்பித்தால் அரசரடியில் எங்கள் தெரு முழுக்கக் கேட்கும்.

"குறை சொன்னா முன்னாடி விட்ருவியா?" என்றாள் அம்மா. "அப்ப உங்க டாக்டர்ட்ட நான்தான் பஸ்ட்டு."

அப்பா சிரித்தார். "நல்லாருக்கு பாப்பா. என்னைக்கு ஆரம்பிக்குது?"

"திங்கக்கிழமைப்பா."

அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். எதற்குக் கேட்டார் என்று நான் யோசிக்கவே இல்லை. என் பெருமையைத் தவிர அந்த வாரம் எனக்கு வேறு எதிலும் கவனம் இல்லை.

திங்கட்கிழமை கிளினிக் நிறைந்திருந்தது. டி. கல்லுப்பட்டி, திருமங்கலம், செக்கானூரணி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள். செல்வி அக்காவுக்கு ஆறு பட்டனையும் கலர் காகிதம் ஒட்டிக் காட்டிக் கொடுத்தேன். மருந்து கம்பெனி சாம்பிள்களை அடுக்கி வைத்திருந்த உள் அறையில் இன்னொரு கம்ப்யூட்டரை வைத்து, ஆறு வகையிலும் எவ்வளவு குறை வருகிறது என்று ஆறு கலரில் கோடு ஓடுகிற மாதிரி செய்திருந்தேன். அங்கிருந்து கூடம் தெரியாது. கோடுகள் மட்டும் தெரியும். அதுவே போதும் என்றுதான் நினைத்தேன். (படிச்ச திமிரு என்று அம்மா பிறகு இதற்குப் பெயர் வைத்தாள்.)

முதல் ஒரு மணி நேரம் அற்புதம். ஒரு தாத்தா இடுப்பு வலிக்கிறது என்று செல்வி அக்காவிடம் முறையிட்டார். பட்டன். முதியவர் கோடு ஏறியது, இரண்டு முதியவர்கள் உள்ளே போனார்கள், சத்தம் அடங்கியது, கோடு இறங்கியது. பிறகு ஒரு குழந்தை அழுதது. பட்டன். அதுவும் ஏறி இறங்கியது. டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "பரவால்லையேம்மா" என்றார். அந்த மனிதரிடமிருந்து மாற்றம் கேட்காத முதல் வாக்கியம் அது. எனக்குக் கண் கலங்கியது.

அப்போதுதான் டி. கல்லுப்பட்டியிலிருந்து வந்திருந்த வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் விஷயத்தைக் கண்டுபிடித்தார். பஸ்ஸுக்கு நேரமாகுது என்று அவர் சும்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார் (வெளியே நடந்ததெல்லாம் செல்வி அக்கா பிறகு சொன்னது). உடனே பலகையில் அவர் நம்பர். பாய்லருக்கு நாம் அதை அளக்கிறோம் என்று தெரியாது. நம்ம ஊர் ஆளுக்கு இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். அதோடு விட மாட்டார், பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்லிவிட்டுத்தான் போவார்.

"அண்ணே, சும்மா உக்காந்திருக்காதீக. அந்த அக்காட்ட போய் ஒரு சத்தம் போடுங்க. நம்பர் முன்னாடி வருது."

"நெசமாவா?"

"நான் உள்ள போறேன்ல, பாத்துக்கங்க."

அதற்குப் பிறகு நடந்ததை என்னால் திரையில் மட்டும்தான் பார்க்க முடிந்தது. வெளியூர்க் கோடு உச்சிக்குப் போனது. அதைப் பார்த்து முதியவர்கள் கொதித்தார்கள், அவர்கள் கோடு மேலே போனது. குழந்தைகளைத் தாய்மார்கள் கிள்ளிவிட்டார்களா தானாக அழுதார்களா தெரியாது, அந்தக் கோடும் எழுந்தது. காளவாசலில் நாலாவது தெருவில் இருப்பவர் நான் வெளியூர் என்றார். ஊசி, மருந்து விற்க வந்த மருந்து கம்பெனிக்காரர் சாதா வகையில் சேர்ந்துகொண்டு குறை சொல்லத் தொடங்கினார். பேசுவதே அவருக்குத் தொழில். சாதா கோடு கூரையை முட்டியது.

நான் இதையெல்லாம் பார்த்துப் பதறினேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. சந்தோஷப்பட்டேன். ஒரு பக்கம் ஏற இன்னொரு பக்கம் இறங்க, மறுபடி இது ஏற அது இறங்க, பாடப்புத்தகத்தில் படமாகப் பார்த்த அதே ஊசலாட்டம்! தள்ளுகிற வேகம் அதிகமாக இருந்தால் இப்படித்தான் ஆடும் என்று தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். வேகத்தைக் குறைத்தேன். நம்பர் நகர நேரமானது, ஆகவே ஜனங்கள் இன்னும் அதிகமாகக் கத்தினார்கள். கூட்டினேன். நம்பர் குதித்தது, கத்தாமல் இருந்தவர்களும் கத்தினார்கள். வெளியே செல்வி அக்கா கலர் காகிதமெல்லாம் பிய்ந்துபோகிற அளவுக்குத் தட்டிக்கொண்டிருந்தார். ரிப்போர்ட் காட்ட வந்த ஒருவரைப் பலகை மூன்று தடவை உள்ளே கூப்பிட்டுவிட்டது. மூன்றாம் தடவை அவரே, "எனக்கு வேற ஏதும் வியாதி இருக்கா டாக்டர், மறைக்காமச் சொல்லுங்க" என்று அழ ஆரம்பித்தார்.

முதலாளி வந்துவிட்டார். டாக்டர் போன் பண்ணியிருக்கிறார்.

"என்னம்மா எஸ்தர், வெளிய சந்தைக்கடையா இருக்கு?"

"சார், இது ஆரம்பத்துல இப்படித்தான் ஆடும். செட்டில் ஆயிரும். இங்க பாருங்க" என்று திரையின் அடியில் விரலை வைத்தேன். அங்கே ஒரு பச்சைக் கோடு காலையிலிருந்து அசையாமல் தரையில் படுத்திருந்தது. "வெறும் வயிறு குரூப். காலைல இருந்து ஒரே ஒரு குறைகூட வரல. நூறு சதவீதம் திருப்தி. மத்தவங்களையும் இந்த மாதிரி கொண்டுவந்துட்டா முடிஞ்சுச்சு."

"பண்ணிரலாம்" என்றார் முதலாளி.

பச்சைக் கோட்டை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அவர்களுக்குச் சத்தம் போடத் தெம்பு இல்லை. ராத்திரி சாப்பிட்டது. காலையில் ஒரு வாய் காப்பிகூடக் கிடையாது. ரத்தம் கொடுக்கிற அறைக்கும் அதே டோக்கன்தான். அவர்கள் பேசாமல் இருக்க இருக்க, நான் எழுதிய அந்த அருமையான வரி அவர்களைப் பின்னே பின்னே தள்ளிக்கொண்டே இருந்தது.

வெளியே திடீரென்று சத்தம் நின்றது. பிறகு ஒரு பெண்ணின் குரல் மட்டும் கேட்டது. கீழக்குயில்குடியிலிருந்து பிள்ளையோடு வந்திருந்த ஒரு தாய்.

"ஏ, யாராச்சும் வாங்கய்யா! இந்தப் பெரியவரு பெஞ்சுல இருந்து சரிஞ்சுட்டாரு!"

செல்வி அக்காவைக் குறை சொல்ல முடியாது. காலையிலிருந்து அதையே கேட்டுக் கேட்டு அவருக்கு வேறு சொல் மறந்துபோயிருந்தது.

"என்ன குரூப்பு?" என்று கேட்டார்.

நான் திரையிலிருந்து எழுந்து வெளியே ஓடினேன். சுவரோரம் கடைசி பெஞ்சின் அடியில், வெள்ளை வேட்டியும், இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டையுமாக, எங்கள் அப்பா கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடுகிற சட்டை. கையில் என் மென்பொருள் அச்சடித்த டோக்கன். அதில் நம்பருக்குப் பக்கத்தில் 'வெறும் வயிறு' என்று நான் வைத்த தலைப்பு.

அதற்கப்புறம் எனக்கு ஒழுங்காக ஞாபகம் இல்லை. டாக்டர் ஓடி வந்தார், விரல் நுனியில் குத்திப் பார்த்தார், சர்க்கரை அடியோடு இறங்கியிருக்கிறது என்றார். குளுக்கோஸ் ஏற்றினார்கள். நான் அப்பா அப்பா என்று கத்திக்கொண்டே இருந்தேன். என் கையில் இருந்த அவர் கை ஜில்லென்று வேர்வையில் நனைந்திருந்தது. அவர் செத்துப்போய்விட்டால் அம்மாவிடம் என்ன சொல்வேன் என்றுகூட நினைக்கவில்லை. இவரை நான்தான் கடைசிக்குத் தள்ளினேன் என்பது மட்டும் மண்டைக்குள் இடித்துக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கூட்டம் நல்லா வந்திருக்கு பாப்பா" என்றார்.

பயம் போன இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. அப்படி ஒரு கோபம் அதற்கு முன்பும் வந்ததில்லை, பிறகும் வந்ததில்லை. முதலில் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன். உங்களுக்கெல்லாம் வெக்கமா இல்லையா, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பொய் சொல்றீங்க, நாலாவது தெருவுக்கு எந்த ஊர்ப் பஸ் போகுது என்றேன். மருந்து கம்பெனிக்காரரை வெளியே போகச் சொன்னேன். (அவர் எனக்கு ஒரு பேனா கொடுத்துவிட்டுப் போனார். பழக்கம்.) பிறகு டாக்டர் பக்கம் திரும்பினேன்.

"எல்லாம் உங்களாலதான் டாக்டர்! தெனமும் ஒரு சேஞ்ச், தெனமும் ஒரு சேஞ்ச். ஒரு மனுஷி எத்தனை தடவைதான் மாத்துவா? யார் முதல்லன்னு உங்களுக்கே தெரியல, மிஷினுக்கு எப்படித் தெரியும்?"

டாக்டர் அப்பாவின் நாடியைப் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் கோபம்தான். ஆனால் அவர் கோபம் மெதுவாகப் பேசுகிற கோபம்.

"இன்னும் ஒரே ஒரு சின்ன சேஞ்ச்தாம்மா. அந்தக் கம்ப்யூட்டரை எடுத்துருங்க."

"பண்ணிரலாம் டாக்டர்" என்றார் முதலாளி.

நான் அந்த மனிதரை அடிக்கவில்லை என்பதற்கு அப்பா கையை என் கை விடவில்லை என்பது மட்டுமே காரணம்.

கடைசியாக அப்பாமேல் திரும்பினேன். அவரை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோகிற வழியெல்லாம் திட்டினேன். ஆட்டோ டிரைவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"எதுக்குப்பா வந்தீங்க? யார் உங்கள வரச் சொன்னா?"

"சுகர் பாக்குற நாளுதான் பாப்பா. அப்படியே ஒன் மிஷினையும் பாக்கலாம்னு..."

"உள்ளதான நான் இருந்தேன்? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அம்புட்டு நேரம் பட்டினியா உக்காந்திருக்கீங்க, மயக்கமா வருதுன்னு அந்த அக்காட்டயாச்சும் சொல்லக் கூடாதா?"

"நம்ம பிள்ளை செஞ்சத நம்மளே குறை சொன்னா நல்லாவா இருக்கும்?"

"விழுந்தீங்களே, அது நல்லாருந்துச்சா?"

அவர் வெளியே பார்த்தபடியே சொன்னார்.

"சொல்ல வந்தவங்கள எல்லாம் அந்தப் பொண்ணு கேட்டுச்சு பாப்பா. சும்மா இருந்தவங்கள யாரும் கேக்கலையே."

நான் இன்னும் சத்தமாகத் திட்டினேன்.

வீட்டில் அம்மா விஷயம் கேட்டு எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து வெளுத்தாள். தெரு பூராவும் வாசலுக்கு வந்துவிட்டது. "கத்துறவன் முன்னாடி, கம்முனு இருக்குறவன் பின்னாடி. இதுக்காடி உன்னைய நாலு வருஷம் படிக்க வச்சேன்? இது நம்ம தெருக் கொழாயிலயே நடக்குதேடி!" என்றாள். பிறகு அப்பா பக்கம் திரும்பி, "உங்களுக்கு வாய் எதுக்குக் குடுத்தாரு ஆண்டவரு? பாட்டுப் பாடவா?" என்றாள். அப்பா, ஆமாம் என்கிற மாதிரிப் பார்த்தார். அது அம்மாவின் கோபத்தை இன்னும் கிளப்பியது.

மறுநாள் மதியம் அம்மா ஒரு சட்டம் போட்டாள். ஜெபம் முடிந்து சாப்பிட உட்கார்ந்து, சாம்பார் சோறு முடிந்ததும், ரசக் கரண்டியோடு அப்பா முன்னால் நின்றாள். ஊற்றவில்லை.

"ஒரு குறை சொல்லுங்க. சொன்னாத்தான் ரசம்."

அப்பா திகைத்துப் போனார். "எல்லாம் நல்லாத்தான இருக்கு..."

"அப்ப ரசம் கெடையாது."

ரொம்ப நேரம் யோசித்து, "இன்னைக்குக் காக்கா கொஞ்சம் அதிகமாக் கத்துச்சு" என்றார். அம்மா அரைக் கரண்டி ஊற்றினாள். அந்தக் குறைக்கு இது போதும் என்கிற மாதிரி.

இப்படித்தான் ஆரம்பித்தது. முதல் மாதம் காக்கா, மின்விசிறி, பேப்பர்காரன் என்று உயிரில்லாத குறைகளாகவே சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா விடவில்லை. கிளினிக்கில் என் வேலை போய்விட்டது, கம்பெனியில் என்னைக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்கும் வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள். செருப்புகள் வாசற்படிக்குத் திரும்பிவிட்டன என்று செல்வி அக்கா போனில் சொன்னார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் ஒழுங்காக வீட்டுக்கு வந்துவிடுவேன். அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று கேட்க வேண்டும்.

அடுத்த வருடம் திண்டுக்கல்லிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா வந்ததிலிருந்து ஓயாமல் பேசினார். தான் வாங்கிய நிலம், தான் கட்டிய வீடு, தான் திருத்திய சபைக் கமிட்டி. நாங்கள் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டோம். சாம்பார் முடிந்தது. அம்மா பழக்கத்தில் ரசக் கரண்டியோடு அப்பா முன்னால் நின்றுவிட்டாள். நின்ற பிறகுதான் விருந்தாளிகள் இருக்கிறார்கள் என்று அவளுக்கு உறைத்தது. அப்பாவும் பழக்கத்தில் வாயைத் திறந்துவிட்டார்.

"சம்பந்தி வந்ததுல இருந்து அவரப் பத்தியே பேசிட்டிருக்காரு" என்றார்.

அம்மா கரண்டி நிறைய ஊற்றினாள், வழிந்து வேட்டியில் கொட்டுகிற அளவுக்கு. முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். இலையில் தலை கவிழ்ந்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். இந்த ஆளைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நான் அந்த நிமிடமே முடிவு செய்தேன். என் மாமனார் இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால், ரசம் வரும்வரை தன்னைப் பற்றிப் பேசுவதில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி மனப்பாடமாகிவிட்டது. ரசக் கரண்டியைப் பார்த்தாலே, "தாத்தா, குறை?" என்று கோரஸாகக் கேட்பார்கள்.

நான் இப்போது இருப்பது சென்னையில். போன மாதம் மதுரைக்குப் போயிருந்தேன். ஒரு வெள்ளி ராத்திரி கிளம்பி, ஞாயிறு ராத்திரி ரயிலில் திரும்புகிற மாதிரி. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாம்பார் முடிந்தது. அப்பாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். அம்மா கரண்டியோடு குனிந்து, அவர் காதருகில் கேட்டாள்.

"ஏங்க, குறை?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"பாப்பா ரெண்டு நாளுதான் இருக்குது. போன தடவையும் ரெண்டு நாளுதான்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இத வெள்ளிக்கிழமை போன்லயே சொல்றதுக்கென்னப்பா? டிக்கெட்டெல்லாம் போட்டாச்சு, இப்ப உக்காந்துக்கிட்டு..." என்று கத்திக்கொண்டே சோற்றுக் கையோடு எழுந்தேன். இடது கையால் போனை எடுத்து டிக்கெட்டை ரத்து செய்தேன். ஆபீஸுக்கு வியாழக்கிழமை வருகிறேன் என்று செய்தி அனுப்பினேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அப்பா ரசத்தைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஒன் மிஷினை விட இது நல்லா வேலை செய்யுதுடி" என்றாள் அம்மா, என் தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டே.